பெட் ஷாப் பாய்ஸின் இரவல் பாடல்கள்

நீல் டெனன்ட், கிறிஸ் லோ என்னும் இருவர் 1981ஆம் ஆண்டில் லண்டனின் கிங்ஸ் ரோட்டில் ஒரு மின்னணுப் பொருள் கடையில் தற்செயலாகச் சந்தித்துத் தொடங்கியது பெட் ஷாப் பாய்ஸ் என்னும் பாப் இசைக்குழு. தம் பாடல்களைத் தொகுத்து வைப்பதில் அவர்கள் எப்போதும் அக்கறை காட்டி வந்திருக்கிறார்கள். தனிப்பாடல்களாக வெளிவந்தவை 1991இல் ‘டிஸ்காகிராஃபி’ என்றும், 2003இல் ‘பாப்ஆர்ட்’ என்றும், 2023இல் ‘ஸ்மாஷ்’ என்றும் தொகுக்கப்பட்டன. தனிப்பாடல் தட்டுகளின் மறுபக்கத்தில் இடம்பெற்ற பாடல்களுக்கு 1995இல் ‘ஆல்டர்னேட்டிவ்’, 2012இல் ‘ஃபார்மட்’ என இரண்டு தொகுப்புகள் வந்தன. இந்த வரிசையில் இல்லாத ஒரு தொகுப்பைத்தான் கடந்த சில வாரங்களாக நான் தாளில் எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன். அவர்கள் பிறரிடமிருந்து எடுத்துப் பாடிய பாடல்கள் மட்டும் அடங்கிய ஓர் இசைத்தட்டு அது.

ஒருவர் பாடி வெளியிட்ட பாடலை மற்றொருவர் தம் குரலிலும் தம் இசையமைப்பிலும் மீண்டும் பதிவு செய்வதை மேற்கத்திய இசையுலகில் கவர் என்பார்கள். நம் திரைப்படங்களில் பழைய பாடல் ஒன்றுக்கு வேகத்தாளம் சேர்த்து ரீமிக்ஸ் என்று தருகிறார்களே, அதிலிருந்து இது வேறுபட்டது. கவர் பாடலில் பாடகர் மாறுகிறார். பாடகர் மாறும்போது அந்தச் சொற்களைச் சொல்லும் மனிதரே மாறிவிடுகிறார். டெனன்டின் குரல் உணர்ச்சியைக் கொட்டும் குரல் அன்று. பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் தாழ்ந்த தொனியில் ஒரு செய்தியைச் சொல்வதுபோல அவர் பாடுவார். மற்றவர்கள் கண்ணீரோடு பாடிய வரிகளை அந்தக் குரல் எடுத்துக்கொள்ளும்போது அவற்றுக்குள் மறைந்திருந்த வேறொரு பொருள் வெளியே தெரிகிறது. அப்படித் தெரிந்தால் மட்டுமே ஒரு பாடலைத் தொகுப்பில் சேர்ப்பது என்பதை முதல் விதியாக வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது விதி அளவைப் பற்றியது. குறுந்தகட்டில் எழுபது நிமிடங்களுக்கு மேல் அடைக்கலாம். இணையப் பட்டியலுக்கோ எல்லையே இல்லை. இடம் தாராளமாக இருந்தால் தேர்வு என்பதே நடக்காது என்று நம்புகிறவன் நான். ஆகவே பழைய பன்னிரண்டு அங்குல இசைத்தட்டின் அளவை ஏற்றுக்கொண்டேன். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 22 நிமிடங்கள், பக்கத்துக்கு ஐந்து பாடல்கள், மொத்தம் பத்து.

எவை கவர் பாடல்கள் என்று முடிவு செய்வதிலேயே முதல் சிக்கல் எழுந்தது. 2006இல் வெளியான ‘ஃபண்டமென்டல்’ ஆல்பத்தில் உள்ள ‘நம்ப்’ பாடலாசிரியர் டயான் வாரன் எழுதியது. ஆனால் பிறர் எழுதிக் கொடுத்ததைப் பாடுவது வேறு, பிறர் பாடியதைப் பாடுவது வேறு. ‘ஐம் நாட் ஸ்கேர்ட்’, ‘இன் பிரைவேட்’ ஆகியவற்றை முதலில் வெளியிட்டவர்கள் எயித் ஒண்டர் குழுவும் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டும் என்றாலும், அவற்றை எழுதியவர்கள் டெனன்டும் லோவும்தான். தம் பொருளைத் தாமே திரும்ப எடுத்துக்கொள்வதை இரவல் என்று சொல்ல முடியாது. பிளர் குழுவின் ‘கேர்ள்ஸ் அண்ட் பாய்ஸ்’ பாடலை 1994இல் அவர்கள் ரீமிக்ஸ் செய்ததோடு மேடையிலும் பாடினார்கள். அந்த மேடைப் பதிவு எனக்குப் பிடித்ததுதான். எனினும் கூட்டத்தின் ஆரவாரம் இருக்கும் ஒரு பதிவு, ஸ்டுடியோப் பதிவுகளுக்கு இடையில் வந்து நின்றால் தட்டின் சூழல் குலைந்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

எஞ்சியவற்றின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் இவ்வளவு ஆண்டுகளாக என் கவனத்துக்கு வராத ஒன்று புலப்பட்டது. ‘கோ வெஸ்ட்’, ‘சம்வேர்’, ‘வேர் த ஸ்ட்ரீட்ஸ் ஹாவ் நோ நேம்’, ‘செயில் அவே’ ஆகிய நான்குமே இங்கிருந்து புறப்பட்டு வேறோர் இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று ஏங்கும் பாடல்கள். ஒன்று டிஸ்கோ, ஒன்று நாடகப் பாடல், ஒன்று ராக், ஒன்று பழைய மேடைப் பாட்டு. எழுதியவர்களுக்குள் எந்த உறவும் இல்லை. இந்த இருவர் தேர்ந்தெடுத்ததால்தான் அவை ஒரு குடும்பமாகச் சேர்கின்றன. எதிர்ப்புறத்தில் ‘ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்’, ‘லூசிங் மை மைண்ட்’ என மனத்தைப் பெயரிலேயே தாங்கிய இரண்டு பாடல்கள் நிற்கின்றன. முதல் பக்கம் இடத்துக்கு, இரண்டாம் பக்கம் மனத்துக்கு என்று அந்தக் கணத்திலேயே தட்டு இரண்டாகப் பிரிந்துவிட்டது.

முதல் பக்கத்தை ‘வேர் த ஸ்ட்ரீட்ஸ் ஹாவ் நோ நேம்’ தொடங்கி வைக்கிறது. யூ2 குழு 1987இல் வெளியிட்ட இப்பாடலின் பின்னணியில் பெல்ஃபாஸ்ட் நகரம் இருக்கிறது. ஒருவர் வசிக்கும் தெருவின் பெயரைக் கேட்டாலே அவருடைய மதத்தையும் வருமானத்தையும் சொல்லிவிடக்கூடிய ஊர் அது. பெயரில்லாத தெருக்களுக்கான ஏக்கம் அங்கிருந்து பிறந்தது. 1991இல் பெட் ஷாப் பாய்ஸ் செய்தது, யூ2வின் கிதார் அலையைச் சின்தசைசருக்கு மாற்றி, இடையிலேயே நிறுத்தமின்றி, 1967இல் ஃபிராங்கி வாலி பாடிய ‘கான்ட் டேக் மை ஐஸ் ஆஃப் யூ’ என்ற காதல் பாட்டுக்குள் நுழைந்துவிடுவது. மலையுச்சியில் நின்று பாடவேண்டிய பாடலும் நடன அரங்கில் பாடவேண்டிய பாடலும் ஒரே தாளத்தில், ஒரே தொனியில் ஒன்றையடுத்து ஒன்று வரும்போது, இரண்டும் கேட்பது ஒரே விடுதலையைத்தான் என்று தோன்றுகிறது. ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தவே அவர்கள் இதைச் செய்தார்கள் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. இரண்டுக்கும் கிடைக்கும் மரியாதை ஒன்றுதான்.

‘கோ வெஸ்ட்’ இல்லாமல் இந்தத் தொகுப்பு இல்லை. 1994 வாக்கில் ஒரு நண்பர் கொடுத்த கேசட்டில் இதை முதன்முதலாகக் கேட்டபோது அவர்களே எழுதியது என்றுதான் நினைத்திருந்தேன். வில்லேஜ் பீப்பிள் 1979இல் பாடிய மூலம் பல ஆண்டுகளுக்குப் பிறகே என் காதுக்கு எட்டியது. அதில் இருந்தது கொண்டாட்டம் மட்டுமே. தன்பாலின ஈர்ப்புடையவர்கள் தயக்கமின்றி வாழக்கூடிய ஊராக சான் பிரான்சிஸ்கோவை நோக்கி நண்பர்களை அழைக்கும் மகிழ்ச்சியான அழைப்பு அது. அடுத்த சில ஆண்டுகளில் எய்ட்ஸ் நோய் அந்தச் சமூகத்தைச் சூறையாடிவிட்டது. 1992இல் மான்செஸ்டரின் ஹாசியெண்டா அரங்கில் எய்ட்ஸ் உதவி நிதிக்காக நடந்த நிகழ்ச்சியில், திரைப்பட இயக்குநர் டெரிக் ஜார்மன் கேட்டுக்கொண்டதால் பெட் ஷாப் பாய்ஸ் பாடியபோதுதான் இப்பாடல் அவர்கள் கைக்கு வந்தது. ஜார்மனும் அந்தக் கிருமியோடு வாழ்ந்துகொண்டிருந்தவர். 1994 பிப்ரவரியில் மறைந்தார். வராமல் போன எதிர்காலத்தை நோக்கி விடுக்கப்பட்ட அழைப்பை, அது வராது என்று அறிந்த ஒருவர் மீண்டும் சொல்வதுபோல டெனன்ட் பாடுகிறார். பின்னால் ஆண்களின் கூட்டுக்குரல் எழும்பி நிற்கிறது. மூலத்தில் இல்லாத ஒரு பகுதியையும் அவர்கள் எழுதிச் சேர்த்தார்கள்; காற்று கட்டற்று வீசும் இடத்தில் நாம் விரும்பியவாறு வாழ்வோம் என்று சொல்லும் அந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. சோவியத் ஒன்றியம் குலைந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த 1993இல், மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் எடுத்த காட்சிகளோடு வெளியான காணொளி ‘மேற்கே போவோம்’ என்ற சொல்லுக்கு இன்னொரு திசையையும் கொடுத்தது. பின்னர் ஆர்சனல் ரசிகர்கள் முதல் ஜெர்மனிய ரசிகர்கள் வரை கால்பந்து மைதானங்களில் இந்த மெட்டுக்குத் தம் சொற்களைப் பொருத்திப் பாடத் தொடங்கினார்கள். இதன் தனிப்பாடல் பதிவையே தேர்ந்தேன்.

‘இட்ஸ் ஆல்ரைட்’ எந்தப் பக்கத்துக்குரியது என்று நெடுநேரம் யோசித்தேன். சிகாகோவில் ஹவுஸ் என்னும் நடன இசையைச் செய்துவந்த ஸ்டெர்லிங் வாய்டின் பாடல் இது. ஆப்கானிஸ்தான், தென்னாப்பிரிக்கா என்று உலகின் துயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இசை மட்டும் என்றும் வாழும் என்று முடிப்பது. காடுகள் அழிவதைப் பற்றி ஒரு சரணத்தைப் பெட் ஷாப் பாய்ஸ் கூடுதலாக எழுதினார்கள். ஏங்கும் இடங்களைப் பற்றிய பக்கத்தில், உண்மையில் இருக்கும் இடங்களின் பெயர்களைச் சொல்லும் பாடல் ஒன்று அவசியம் என்று பட்டதால் அதை இரண்டாவதாக வைத்தேன். 1988இல் வந்த ‘இன்ட்ரோஸ்பெக்டிவ்’ ஆல்பத்தில் மொத்தம் ஆறு பாடல்கள்தான், அவற்றில் இரண்டு கவர் பாடல்கள், இரண்டுமே ஒன்பது நிமிடங்களைத் தாண்டுபவை. டிரெவர் ஹார்ன் தயாரித்த அந்த நீண்ட ‘இட்ஸ் ஆல்ரைட்’தான் என் உள்ளத்துக்கு நெருக்கமானது; ஆனாலும் விதியை நானே வகுத்துக்கொண்ட பிறகு மீறக்கூடாது என்று 1989ஆம் ஆண்டின் தனிப்பாடல் பதிவை ஏற்றுக்கொண்டேன்.

நான்காவதாக ‘த லாஸ்ட் டு டை’. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2007இல் ஈராக் போரை மனத்தில் வைத்து எழுதியது. ஒரு தவறுக்காகக் கடைசியாக உயிர்விடும் மனிதர் யார் என்ற அதன் கேள்வி, 1971இல் வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய ஜான் கெர்ரி அமெரிக்க செனட் குழுவின் முன் வியட்நாம் போர் பற்றிக் கேட்டது. இதைப் பாடலாம் என்று யோசனை சொன்னவர் லோவின் சகோதரி. நெடுஞ்சாலையில் இரவுப் பயணமாகத் தொடங்கி எங்கும் போய்ச் சேராத இப்பாடல், ‘கோ வெஸ்ட்’ பாடலுக்கு அடுத்து வரும்போது அதன் நம்பிக்கைக்குப் பதில் சொல்வதுபோல இருக்கிறது. ஐந்தாவது ‘சம்வேர்’. 1957இல் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்து ஸ்டீஃபன் சோன்ஹைம் எழுதியது; 1997இல் லண்டன் சவாய் அரங்கில் குழு நடத்திய தொடர் நிகழ்ச்சிகளுக்கே இந்தப் பெயர்தான் சூட்டப்பட்டது. அதற்கே பக்கம் நிறைந்துவிட்டது. ஆங்கில நாடகாசிரியரும் பாடலாசிரியருமான நோயல் கவர்டின் ‘செயில் அவே’ வெளியே நிற்கிறது. கவர்டின் பாடல்களைப் பல கலைஞர்கள் பாடிய 1998ஆம் ஆண்டின் எய்ட்ஸ் நிதித் தொகுப்பை டெனன்ட்தான் முன்னின்று உருவாக்கினார்; அங்கே அதற்கு நல்ல இடம் இருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இரண்டாம் பக்கத்தின் வாசலில் ‘ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்’. எல்விஸ் பிரெஸ்லி 1972இல் பதிவு செய்தபோது அது பிரிவின் வருத்தம். வில்லி நெல்சன் 1982இல் பாடியபோது முதுமையின் மன்னிப்புக் கோரல். எல்விஸ் மறைந்து பத்தாண்டுகள் ஆனதையொட்டி 1987இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகப் பெட் ஷாப் பாய்ஸ் அதைப் பாடினார்கள்; அவ்வாண்டு கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டனின் முதலிடப் பாடல் அதுவே. வேகமான நடனத்தாளத்தில் கேட்கும்போது வரிகள் வேறு முகம் காட்டுகின்றன. உன்னைச் சரியாக நேசிக்கவில்லையோ என்னவோ, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லையோ என்னவோ என்று ஒவ்வொரு குற்றத்தையும் ‘ஒருவேளை’ போட்டே ஒப்புக்கொள்ளும் ஒருவன், ஆனாலும் நீ என் மனத்தில்தான் இருந்தாய் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது அப்போதுதான் காதில் விழுகிறது. அழுதுகொண்டு பாடினால் நாம் அவனை மன்னித்துவிடுவோம். டெனன்ட் அழுவதில்லை.

அடுத்து ‘ட்ரை இட்’. 1983இல் ஸ்மாஷ் ஹிட்ஸ் இதழின் செய்தியாளராக நியூயார்க் சென்ற டெனன்ட், பாபி ஆர்லாண்டோ என்ற தயாரிப்பாளரைத் தேடிப்போய்ச் சந்தித்ததால்தான் குழுவின் முதல் பதிவுகள் நிகழ்ந்தன. ஆர்லாண்டோ எழுதி ஓ ரோமியோ பாடிய இந்தப் பாட்டை 2003இல் ‘டிஸ்கோ 3’ தொகுப்பில் அவர்கள் பாடியது அந்தக் கடனுக்கான நன்றி. மணமான ஆணைக் காதலிக்கும் பெண்ணின் சொற்களை ஆண்குரலில் பாடுவதால் அந்த இரகசியம் இன்னும் ஆழமாகிறது.

‘லூசிங் மை மைண்ட்’ சோன்ஹைமின் 1971ஆம் ஆண்டு நாடகமான ‘ஃபாலீஸ்’இல் வருவது. 1989இல் லைசா மின்னெல்லிக்காக அவர்கள் தயாரித்த பதிவு பிரிட்டனில் ஆறாம் இடம் வரை சென்றது; தாங்களே பாடிய பதிவை 1991இல் ‘ஜெலசி’யின் மறுபக்கத்தில் வைத்தார்கள். காலையில் எழுவது, காபி குடிப்பது, சிறுசிறு வேலைகளைச் செய்வது என்று ஒரு நாளின் ஒவ்வொரு அசைவிலும் ஒருவரையே நினைப்பதைச் சொல்லும் பாடலுக்கு, ஓயாமல் துடிக்கும் இயந்திரத் தாளத்தைவிடப் பொருத்தமான துணை இல்லை. நாடக மேடையின் மெதுவான நடையில் அது சோகம். இங்கே அது விடாத நோய். மின்னெல்லியின் குரலில் கேட்டவர்களும் இதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதற்கு நடு இடம் கொடுத்தேன்.

மேட்னஸ் குழுவின் ‘மை கேர்ள்’, கோல்ட்ப்ளேயின் ‘விவா லா விடா’ ஆகிய இரண்டும் 2009 கிறிஸ்துமஸ் வெளியீட்டில் வந்தவை. முன்னது மூலத்துக்கு மிக அருகிலேயே நின்றுவிடுகிறது; பின்னது அவர்களுடைய ‘டாமினோ டான்சிங்’ பாடலோடு பிணைக்கப்பட்டதால் பாதிதான் இரவல். இரண்டையும் அதிகத் தயக்கமின்றி விலக்கினேன்.

மீதி இரண்டு இடங்களுக்கு ‘ஐ ஸ்டார்டட் எ ஜோக்’, ‘இஃப் லவ் வேர் ஆல்’. முதலாவது, பீ ஜீஸ் குழுவுக்காக ராபின் கிப் 1968இல் பாடியது. அவர் 2012 மே மாதம் மறைந்தபின் அவ்வாண்டே அஞ்சலியாக இவர்கள் பாடினார்கள். இரண்டாவது, நோயல் கவர்ட் 1929இல் எழுதியது. தன்னிடம் இருப்பதெல்லாம் பிறரை மகிழ்விக்கும் ஒரு திறமை மட்டுமே என்று அதில் வரும் சொற்றொடர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவருடைய நினைவுக்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. எதைக் கடைசியில் வைப்பது என்று மூன்று நாள் மாற்றி மாற்றிக் கேட்டேன். அஞ்சலிப் பாடலோடு தட்டை முடித்தால் கேட்பவர் இறந்தவரை நினைத்துக்கொண்டு எழுந்து செல்வார். கவர்டின் பாட்டோடு முடித்தால், பலரின் சொற்களை இரவல் வாங்கிப் பாடிய ஒருவர், கடைசியில் ஒரு பாடகரின் தனிமையைத் தம் சொந்தக் கதைபோலச் சொல்வதைக் கேட்டபடி ஊசி மேலே எழும். அதையே பத்தாவதாக எழுதி, அடிக்கோடிட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டேன்.