எது கிடைத்தால் விடுவீர்கள், சார்?

பிளஸ் டூ விலங்கியலில் பரிணாமம் நடத்துகிறவர்களுக்கு அந்தப் பாடத்தில் வரும் கேள்விகள் எல்லாம் மனப்பாடம். "குரங்குல இருந்து மனுசன் வந்தான்னா இன்னும் ஏன் சார் குரங்கு இருக்கு?" என்பான் ஒருவன். குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, ஒரே பாட்டனுக்குப் பிறந்த பங்காளி என்பேன். வகுப்பு சிரிக்கும். அடுத்த தலைப்புக்குப் போய்விடலாம்.

ஏற்காட்டில் ஒரு மாணவன் கேட்டது அந்த வகையறா இல்லை. பரிணாமத்தைப் பற்றித்தான். "எது கெடச்சா நீங்க இத விட்ருவீங்க சார்?" என்றான்.

நான் சொன்ன பதிலில் பெரிய குறை இருப்பதாக இன்றைக்கும் நினைக்கவில்லை. அதே கேள்வியை அவனிடம் திருப்பிக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்கக் கூடாது என்று அந்த நிமிடத்தில் நானே முடிவெடுத்தேன். ஏன் எடுத்தேன் என்பதற்கு நாளுக்கொரு காரணம் சொல்லிக்கொள்கிறேன்.

ஏற்காடு தாவரவியல் தோட்டத்துக்குக் கூட்டிப் போயிருந்தோம். பையன்களுக்கு அங்கே பூச்சி தின்னும் குடுவைச் செடியும், கல்லால் தட்டினால் கணீரென்று மணி போல ஒலிக்கிற பெல் ராக்கும்தான் கண்ணில் படும். ஆர்க்கிட் பக்கம் என்னோடு நின்றது நாலைந்து பேர். மற்றப் பூக்களைப் போல ஆர்க்கிட்டில் மகரந்தம் தூளாக உதிராது. மெழுகு உருண்டை மாதிரி கட்டியாக இருக்கும், அடியில் பசை. அங்கே பூவைத் தொடக் கூடாது என்பதால், வீட்டுத் தொட்டிச் செடியில் பென்சில் முனையை விட்டு எடுத்த வீடியோவைப் போனில் காட்டினேன். மஞ்சளாக இரண்டு உருண்டைகள் பென்சிலில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. டார்வினும் பென்சிலை வைத்துத்தான் பார்த்தார். இங்கிலாந்தில் காட்டில் பூக்கும் ஒரு வகையில், ஒட்டிய உருண்டை அரை நிமிடத்தில் தானாக முன்பக்கம் சாய்ந்துவிடும். பூச்சி அடுத்த பூவுக்குப் போகும்போது சூலக முடியில் சரியாகப் போய்ப் படுவதற்கு அந்தச் சாய்வு வேண்டும்.

"இவ்ளோ கணக்கா இருக்குன்னா யாரோ யோசிச்சுத்தானே சார் செஞ்சிருக்கணும்?" என்றான் அந்த மாணவன். சபைக்குத் தவறாமல் போகிற குடும்பத்துப் பையன். பாடத்தில் கெட்டி.

புதிய வாதம் இல்லை. 1867இல் ஆர்கைல் பிரபு இதே ஆர்க்கிட்டுகளைக் காட்டி, இவ்வளவு நுணுக்கம் படைப்பவன் இல்லாமல் வராது என்று எழுதினார். அவருக்கு, டார்வினைப் போலவே இயற்கைத் தேர்வைக் கண்டறிந்த வாலஸ் அதே ஆண்டு பதில் எழுதினார். அந்தப் பதிலில் வருகிற பூவின் கதையை அவனுக்குச் சொன்னேன். 1862இல் மடகாஸ்கர் ஆர்க்கிட் ஒன்று டார்வின் கைக்கு வந்தது. பூவுக்குப் பின்னால் வாலாகத் தொங்கும் தேன்குழல் கிட்டத்தட்ட ஓர் அடி நீளம், அடிநுனியில் மட்டும் தேன். அதை எட்டுகிற நீளத்துக்கு உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சி அந்தத் தீவில் இருந்தாக வேண்டும் என்று எழுதிவிட்டார். பூச்சியியலாளர்கள் சிலர் சிரித்தார்கள். இருந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டு நெப்டியூன் கோளைத் தேடிய வானியலாளர்களைப் போல நம்பித் தேடலாம் என்றார் வாலஸ். டார்வின் 1882இல் இறந்துபோனார். 1903இல்தான் அந்தப் பூச்சியை விவரித்துப் பெயர் வைத்தார்கள்.

இந்தக் கதையைச் சொன்னால் வகுப்பு எப்போதும் என் பக்கம் வந்துவிடும். அவன் வரவில்லை. "பாக்காமலே இருக்கும்னு சொன்னாருன்னா அதுவும் விசுவாசந்தானே சார்?" என்றான். கூட நின்றவர்கள் 'ஓ'வென்று கத்தினார்கள்.

பூச்சி கிடைக்காமலே போயிருந்தால் டார்வின் தோற்றிருப்பார், தோற்பதற்கு இடம் வைத்துச் சொன்னார், அதுதான் வித்தியாசம் என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

உயிரியலாளர் ஹால்டேன் சொன்னதாக ஒரு பதில் உண்டு. கடைசிக் காலத்தில் இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேஸ்வரத்தில் இறந்த அதே ஹால்டேன்தான். கேம்பிரியனுக்கு முந்தைய, அதாவது முயல் போன்ற பாலூட்டிகள் தோன்றுவதற்கு வெகு காலம் முந்தைய பாறையில் ஒரு முயலின் புதைபடிவம் கிடைத்தால் போதும் என்றாராம். நான் பெல் ராக் இருந்த பக்கம் கையைக் காட்டி, "இந்தச் சேர்வராயன் மலைப் பாறை ஏறத்தாழ 250 கோடி வருஷம் பழசு. இந்த வயசுப் பாறையில ஒரு முயல் எலும்பு கெடச்சா விட்டுடறேன்" என்றேன்.

"இதுல எலும்பே நிக்காதே சார். இது பூமிக்கடியில வெந்த பாறைன்னு ஜியாகரபி சார் சொன்னாரே."

எனக்கு அந்த இடம் இன்னும் பிடிக்கும். அந்த மலையின் சார்னோகைட் பாறை உருவான சூட்டிலும் அழுத்தத்திலும் எலும்பு எப்படி மிஞ்சும்? "சரி, அரியலூர் போ" என்றேன். அங்கே இருப்பது கடலில் படிந்த பாறை, 6.6 கோடி வருடத்துக்கு மேல் பழையது. அழிந்துபோன கடல் உயிரியான அம்மோனைட்டின் புதைபடிவம் சுருள் சுருளாகக் கிடைக்கிறது. அதே அடுக்கில், அம்மோனைட்டோடு ஒட்டி, ஒரே ஒரு யானைப் பல்லை எடுத்துக்கொண்டு வா. நான் விட்டுவிடுகிறேன்.

தலையாட்டினான். அப்புறமும் நகரவில்லை. நின்றுகொண்டிருந்தான். நான் வாட்ச்சைப் பார்த்து, "வேன் கிளம்பணும், எல்லாரையும் கூப்பிடு" என்றேன்.

பதினேழு வயதுப் பையனிடம் 'எது கிடைத்தால் நீ உன் சாமியை விடுவாய்' என்று கேட்பது, எது கிடைத்தால் உன் அப்பா அம்மாவை, ஞாயிற்றுக்கிழமையை, உனக்குப் பெண் கொடுக்கப்போகிற சபையை விடுவாய் என்று கேட்பதற்குச் சமம். எனக்குப் பரிணாமம் தப்பென்று ஆனால் பாடத்திட்டம் மாறும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. எடை சமமில்லாத இடத்தில் ஒரே கேள்வியை இரண்டு பக்கமும் போடுவது நியாயமா? பல நாள் இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணமும்கூட.

ஆனால் அவன் என்னிடம் அப்படி இரக்கம் காட்டவில்லை. நான் இருபது வருடமாகச் சொல்லித் தருவதைத் தாங்குமா தாங்காதா என்று தட்டிப் பார்த்தான். தாங்கும் என்று மதித்துத்தான் தட்டினான். அவன் நம்புவதை நான் தட்டாமல் விட்டது, உடைந்துவிடும் என்று நானே தீர்மானித்துக்கொண்டதால்தானே? அது மரியாதையில் சேருமா?

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் அவன் அப்பா வந்து கும்பிட்டார். "நீங்க சொல்றத அவன் பரீட்சைக்கு எழுதட்டுங்க சார். மத்தத வீட்ல நாங்க பாத்துக்கறோம்." கோபமே இல்லாமல், ரொம்ப அன்பாகச் சொன்னார். பையன் பக்கத்தில் நின்றான். நானும் "அதுக்கென்னங்க" என்று சொல்லிவிட்டேன். தேர்வுத் தாள் எனக்கு, மற்றதெல்லாம் அவருக்கு என்று இரண்டு பெரியவர்கள் பாகம் பிரித்துக்கொண்ட மாதிரி ஆயிற்று. நடுவில் நின்றவனை யாரும் கேட்கவில்லை.

எதிர்க்கிறவர்களைவிட உடனே ஒத்துக்கொள்கிறவர்களோடுதான் எனக்குத் தொல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர், "மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், நம்ம தசாவதாரத்துலயே எல்லாம் இருக்கே, டார்வின் என்ன புதுசா சொல்லிட்டார்?" என்பார். அவருக்கு மடகாஸ்கர் பூச்சி கிடைத்தாலும் ஒன்றுதான், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான். 2018இல் மத்திய இணையமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனானதை யாரும் பார்க்கவில்லை, டார்வின் சொன்னது தவறு என்று பேசியபோது அந்த அறையில் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். 2023இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமத்தை எடுத்தது பெரிய செய்தியானபோது சேர்ந்து கொதித்தோம். ஆனால் எது கிடைத்தால் விடுவீர்கள் என்று அந்த அறையில் ஒருவரும் ஒருவரையும் கேட்டதில்லை.

என்னைக் கேட்டிருந்தால்? வருடா வருடம் மே மாதத் திருவிழாவுக்கு மலை உச்சிக்குப் போய், குகைக்குள் குனிந்து சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட்டுவிட்டு வருகிறவன் நான். திங்கட்கிழமைகளில் நெற்றியில் விபூதியோடுதான் இயற்கைத் தேர்வு நடத்துகிறேன். என்ன ஆதாரம் வந்தால் அந்தக் குகைக்குப் போவதை விடுவேன்? எதுவும் வந்து அதை மாற்றாது என்றுதான் நினைக்கிறேன். நான் அங்கே எதையும் நிரூபிக்கப் போவதில்லை, பூமிக்கு எத்தனை வயது என்று சேர்வராயன் என்னிடம் சொன்னதும் இல்லை என்று வாதம் வைத்திருக்கிறேன். பையன் அதை ஒரு நிமிடத்தில் பிரித்துப் போட்டிருப்பான். திருப்பிக் கேட்டால் அடுத்த பந்து எனக்குத்தான் வரும் என்பது அன்று என் மனதில் ஓடவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

தாவரவியல் எடுக்கிற சிஸ்டரிடம் மட்டும் இதைச் சொன்னேன். அவர்கள் கத்தோலிக்கச் சபைக்கு இதில் சண்டை கிடையாது, பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று போப் இரண்டாம் ஜான் பால் 1996லேயே சொல்லிவிட்டார். கேட்டுவிட்டு, "கேட்டிருந்தா என்ன சொல்லிடுவான்னு பயந்தீங்க?" என்றார்.

"எது கெடச்சாலும் விட மாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"சொல்லட்டுமே. அதுவும் பதில்தானே சார். சரிப்பான்னு அடுத்த பூவைக் காட்டியிருக்கலாம்."

அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை எந்தப் பையனும் சிஸ்டரிடம் இதுவரை கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.