டாக்கின் கால்களைப் பிடுங்கிய ஐஸ்

போன ஏப்ரலில் எங்கள் டாக்கை, அதாவது ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பலகைப் படகுத்துறையை, பார்த்ததும் என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஆறு குழாய்க் கால்களில் இரண்டு மட்டும் ஒரு முழம் எழும்பி நிற்க, மேலே பலகை ஒட்டகத் திமிலாகப் புடைத்திருந்தது. நுனிப் பகுதி கழன்று கரையோரப் பாறைமேல் கிடந்தது.

கனடாவின் ஒன்டாரியோவில், சிம்கோ ஏரியின் கிழக்குக் கரையில் எங்களுக்கு ஒரு சின்ன காட்டேஜ். அக்டோபரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையோடு டாக்கைக் கழற்றிக் கரையேற்றுவது இங்கே வழக்கம். நான் "தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளித் தள்ளி டிசம்பர் வந்துவிட்டது.

ஐஸின் கனம்தான் உடைக்கும் என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் விளக்கினார். ஐஸ் கால்களைச் சுற்றிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நடுவில் மழையோ பனி உருகலோ வந்து தண்ணீர் ஏறினால் ஐஸும் மிதந்து ஏறும். கால்களையும் கூடவே உருவும். அடியில் விழுந்த குழிக்குள் சேறு சரிந்துவிடும். அப்புறம் தண்ணீர் இறங்கினாலும் கால் பழைய இடத்துக்குப் போகாது. ஆடுகிற பல்லைக் கொறடாவால் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது போல.

நுனியைப் பாறைமேல் ஏற்றியது காற்று. வசந்தத்தில் ஐஸ் கரையை விட்டுப் பாளம் பாளமாக மிதக்கும்போது மேற்கிலிருந்து காற்று அடித்தால், மொத்தமும் எங்கள் பக்கம்தான் வரும். 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த ஏரி அது. கண்ணாடி நொறுங்குகிற சத்தத்தோடு ஐஸ் கரையேறும்.

பெரியவருடைய டாக் கழற்ற முடியாதது. கல் நிரப்பிய மரக்கூண்டுகள் மேல் நிற்பது. அதற்குக் கீழே தண்ணீருக்குள் ஒரு விசிறி மோட்டார் தொங்கவிட்டிருக்கிறார். குளிர்காலத்தில் அடித்தண்ணீர் மேல்தண்ணீரைவிடக் கொஞ்சம் கதகதப்பு, 4 டிகிரி வரை இருக்கும். அதை மேலே கிளப்பிக்கொண்டே இருந்தால் டாக்கைச் சுற்றி ஐஸ் பிடிக்காது. ஆனால் அந்த ஓட்டையில் ஸ்னோமொபைலோடு (பனிமேல் ஓட்டுகிற வண்டி) யாராவது விழுந்தால்? அதற்காக எச்சரிக்கைப் பலகையும் விளக்கும் வைத்திருக்கிறார். கரண்ட் பில் எவ்வளவு என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்.

எனக்குக் கழற்றுவதே சரி. இந்த அக்டோபரில், மீன்பிடிக்கிறவர்கள் போடும் நீளமான ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு மச்சானும் நானும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். ஒவ்வொரு பகுதிக்கும் மார்க்கரில் எண் போட்டேன். கடைசி போல்ட் மட்டும் கை மரத்துப்போய் நழுவிவிட்டது. ஏரிக்குள்தான் கிடக்கிறது.