உன் வாயைத் திற: பதினைந்து நாட்களின் குறிப்பு

26 ஜூலை 2025, சனி

இன்று வேதபாடத்தில் ரோமர் 13, ஆளுகிற அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பவுலின் கடிதப் பகுதி. முதல் வசனத்தை வாசித்து முடித்ததுமே கடைசி வரிசையில் இருந்த தம்பி எழுந்தான். "அண்ணா, எல்லா அதிகாரமும் தேவனால் வந்தது என்றால், சட்டமே தப்பாக இருக்கும்போது நாம் என்ன செய்வது? ஜெபித்துக்கொண்டு சும்மா இருந்தால் போதுமா?"

பத்தொன்பது வயது. அவன் கேள்வியில் குதர்க்கம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்புதான் இருந்தது. நானோ, "சமயம் பார்த்து நடக்க வேண்டும், ஜெபத்தோடு நிதானிக்க வேண்டும்" என்றேன். சொல்லும்போதே தெரிந்துவிட்டது, நான் நழுவுகிறேன் என்று. அவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். அந்தத் தலையாட்டல் இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

27 ஜூலை, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து அதே அதிகாரத்தை மறுபடி எடுத்தேன், இந்த முறை 12ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்திலிருந்து. தீமையை நன்மையினாலே வெல்லச் சொல்லும் வசனம் அது. பவுல் கடிதம் எழுதியபோது அதிகார எண்கள் இல்லை. மூச்சு விடாமல் அடுத்த வரிக்குப் போகிறார். நான்காம் வசனத்தில் ஆளுகிறவனுக்கு அவர் கொடுக்கிற பெயர் "தேவஊழியக்காரன்". ஊழியக்காரன் என்றால் அவனுக்கும் மேலே ஓர் எஜமான் இருக்கிறார். இத்தனை வருடம் இந்த வசனத்தைக் குடிமக்களின் பக்கத்திலிருந்தே வாசித்து வந்திருக்கிறேன். ஆளுகிறவன் யாருக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

இதே பவுல் பிலிப்பி சிறையில் என்ன செய்தார் (அப்போஸ்தலர் 16)? விசாரணை இல்லாமல் எல்லார் முன்பாகவும் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் சத்தமில்லாமல் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. அவர்களே வந்து அழைத்துவிடட்டும் என்றார். அதிகாரிகள் நேரில் வந்தார்கள். கீழ்ப்படிதலைப் பற்றி எழுதிய கைதான் அது.

29 ஜூலை, செவ்வாய்

1850இல் அமெரிக்காவில் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைப் பற்றி இன்று வாசித்தேன். தப்பி வந்தவருக்கு அடைக்கலம் கொடுத்தால் ஆயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது. தன் சார்பில் சாட்சி சொல்லவும் முடியாது. வழக்கைப் பார்க்கும் ஆணையர் அவரை உரிமையாளரிடம் அனுப்பினால் பத்து டாலர் கட்டணம், விடுதலை செய்தால் ஐந்து டாலர். அந்த இரண்டு எண்களையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உபாகமம் 23:15ஐ எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். எஜமானிடமிருந்து தப்பி உன்னிடம் வந்த அடிமையை அவன் கையில் ஒப்புக்கொடுக்காதே என்கிறது. இதில் வளைக்க எதுவும் இல்லை. ஒரே மனிதன் இரண்டுக்கும் கீழ்ப்படிய முடியாது. ஆனாலும் அந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படியுங்கள் என்று பிரசங்க மேடையிலிருந்து சொன்ன போதகர்கள் இருந்தார்கள். ஓர் அடிமையை எஜமானிடம் திருப்பி அனுப்பும்போது பவுல் எழுதிய பிலேமோன் நிருபத்தை அதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள். கதவைத் திறந்துவைத்து, நாங்கள் திறந்துவைத்திருக்கிறோம் என்று வெளிப்படையாகவே சொன்ன விசுவாசிகளும் இருந்தார்கள். இரு தரப்பார் கையிலும் இருந்தது ஒரே வேதாகமம்.

31 ஜூலை, வியாழன்

யாத்திராகமம் 1. ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி கட்டளையிட்ட ராஜாவின் பெயரை அந்தப் புத்தகம் சொல்லவில்லை, பார்வோன் என்ற பட்டத்தோடு விட்டுவிடுகிறது. கட்டளையை மீறிய மருத்துவச்சிகள் இருவரின் பெயரும் இருக்கிறது: சிப்பிராள், பூவாள். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

2 ஆகஸ்ட், சனி

இந்த வாரம் வேதபாடம் இல்லை. ஒரு விதத்தில் நல்லது. இன்று வாசித்ததைச் சுமந்துகொண்டு அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்திருக்க முடியாது.

1942, ஜெர்மனி பிடித்து ஆண்டுகொண்டிருந்த நெதர்லாந்து. ஜூலை நடுவில் யூதர்களை ஏற்றிக்கொண்டு ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்கு ரயில்கள் ஓடத் தொடங்கின. அதற்குச் சில நாள் முன்பே கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் சபைகள் சேர்ந்து ஜெர்மானிய ஆட்சியாளருக்குக் கண்டனத் தந்தி அனுப்பின. ஞானஸ்நானம் பெற்ற யூதர்களை விட்டுவிடுகிறோம் என்று பதில் வந்தது. தந்தியை ஆலயங்களில் வாசிக்கக்கூடாது என்ற நெருக்கடியும் வந்தது. பெரிய சீர்திருத்த சபை பின்வாங்கியது. கத்தோலிக்க ஆயர்கள் ஜூலை 26 அன்று, ஞாயிற்றுக்கிழமை, வாசிக்க வைத்தார்கள். சரியாக ஒரு வாரம். ஆகஸ்ட் 2 அன்று, இதே தேதியில், கத்தோலிக்கரான யூதர்களைத் தேடிப் பிடித்தார்கள். கன்னியர் மடத்திலிருந்து, யூதராகப் பிறந்து கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீயான எடித் ஸ்டைனும் அவர் சகோதரி ரோசாவும் கொண்டுபோகப்பட்டார்கள்.

பேசினார்கள், விலையை வேறு சிலர் கொடுத்தார்கள். "தைரியமாகப் பேசுங்கள்" என்று மேடையில் முழங்குகிற எவரும் இந்த ஒரு வாரத்தைக் கடந்துதான் வர வேண்டும். என்னிடம் இதற்கு எளிதான பதில் இல்லை. ஒன்று மட்டும் தெரிகிறது: ஞானஸ்நானம் பெறாத லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த வாக்குறுதியில் இடமே இல்லை. நம்முடையவர்களை விட்டுவிடுகிறோம், மற்றவர்களைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள் என்பதுதான் அந்தப் பேரம். நெஞ்சு நடுங்குகிறது. ஆனாலும் அதற்குச் சம்மதம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

1941இல் இதே நாள், இதே ஞாயிறு. மனநோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் அரசே கொன்றுகொண்டிருப்பதை ஜெர்மனியின் முன்ஸ்டர் நகர ஆயர் வான் காலன் பிரசங்க மேடையிலேயே சொன்னார். கொலை குற்றம் என்கிற ஜெர்மானியச் சட்டத்தின்படியே தான் புகார் கொடுத்திருப்பதையும் சொன்னார். பிரசங்கம் இரகசியமாக நகலெடுக்கப்பட்டு நாடெங்கும் போனது. அதே மாதம் அந்தத் திட்டம் அதிகாரபூர்வமாக நிறுத்தப்பட்டது. அதற்குள் சுமார் 70,000 பேர் இறந்திருந்தார்கள். பிறகும் மறைவில் கொலை தொடர்ந்தது. அந்தப் பிரசங்கத்தைப் பரப்பிய லூபெக் நகரத்துக் குருமார் மூவரும் அவர்களோடு நின்ற லூத்தரன் போதகர் ஒருவரும் 1943இல் தலை துண்டிக்கப்பட்டு இறந்தார்கள். ஆயரைத் தொடவில்லை. அதே ஆயர் யூதர்களுக்காக இப்படி ஒரு பிரசங்கம் செய்யவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

இன்னொன்று. நமக்குப் பிடிக்காத சட்டம் எல்லாம் தேவனுடைய சட்டத்துக்கு விரோதமானது ஆகிவிடாது. வரி கூடியதும், நம் கூட்டத்துக்கு இருந்த சலுகை போனதும் பேதுருவின் வார்த்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்: "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது." அதைச் சொன்னவர்கள் அன்றே அடிபட்டுத் திரும்பியவர்கள். நீதிமொழிகள் 31:8 இன்னும் நேராகச் சொல்கிறது: "ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற." நமக்காக என்று அங்கே எழுதியில்லை.

6 ஆகஸ்ட், புதன்

இத்தனை நாள் மற்றவர்கள் கதையாக எழுதிவந்தேன். ஏன் என்று எனக்குத் தெரியும்.

பல வருடங்களுக்கு முன் ஓர் இலவச மருந்தகத்தில் பதிவு மேசையில் வேலை பார்த்தேன். அடையாளச் சான்று இல்லாதவர்களைப் பதிவு செய்யக்கூடாது என்று மேலிருந்து முறைப்படி உத்தரவு வந்தது. தட்டச்சு செய்த அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினார்கள். நான்கு மூலையில் ஒன்றில் பசை பிடிக்காமல், மின்விசிறிக் காற்றில் அது படபடத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தார். குழந்தைக்குக் காய்ச்சல், கண் பாதி மூடியிருந்தது. சான்று இல்லை. நான் விரலால் தாளைக் காட்டினேன். "எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க" என்றார். எழுந்து போய், படபடத்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கையொப்பம் வரை நிறுத்தி நிதானமாக அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

நான் அன்று மவுனமாக இருந்தேன் என்றுதான் இதுவரை நினைத்து வருந்தியிருக்கிறேன். இல்லை. நான் பேசினேன். அந்தத் தாளுக்காகப் பேசினேன்.

9 ஆகஸ்ட், சனி

எடித் ஸ்டைன் இறந்த நாள் இது, 1942. ஹிட்லரின் படையில் போரிட மறுத்த ஆஸ்திரிய விவசாயி பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டரின் தலை வெட்டப்பட்டதும் இதே தேதியில்தான், 1943. அவருடைய ஆயரே அவரைப் போருக்குப் போகச் சொல்லியிருந்தார். இதையெல்லாம் ஒரு தாளில் குறித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

தாளை எடுக்கவில்லை. "தம்பி, போன முறை உனக்கு நான் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன்" என்று ஆரம்பித்து, மருந்தகத்தில் நடந்ததைச் சொன்னேன். கட்டைவிரலால் மூலையை அழுத்தியது வரை. யாரும் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான்: "அந்த அம்மா திரும்ப வந்தார்களா அண்ணா?"

"இல்லை" என்றேன்.

"தாள்?"

"நான் வேலையை விட்டு வரும்வரை சுவரில்தான் இருந்தது."