புசோகா நாட்குறிப்பு: மருந்துப் பெட்டியும் மழைக்காலமும்

ஏப்ரல் 8, 2019, திங்கள்

கிழக்கு உகாண்டாவின் புசோகா பகுதியில் மழை பிடித்துவிட்டது. மார்ச்சில் தொடங்கி மே வரை நீளும் இந்த மழையின் பின்னாலேயே மலேரியாவும் ஏறும் என்பதால், கிராமச் சுகாதாரக் குழுவினரின் மருந்துப் பெட்டிகளை இப்போதே சரிபார்த்துவிட வேண்டும் என்று சுகாதார நிலையத்துச் செவிலியர் கேட்டுக்கொண்டார். பெட்டிகளையும் பதிவேடுகளையும் பார்ப்பது மட்டுமே என் வேலை. வைத்தியம் பார்ப்பவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தாம்.

உகாண்டா அரசு 2001-இல் இந்தக் குழுக்களைத் தொடங்கியது. ஊரார் தங்களுக்குள் நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், சம்பளம் கிடையாது. பல ஊர்களைச் சேர்த்த நிர்வாகப் பிரிவான பாரிஷ் அளவில் இரண்டாம் நிலைச் சுகாதார நிலையம், அதற்கு மேல் மூன்றாவது, நான்காவது என்று அடுக்கு போகிறது. முதல் நிலைக்குக் கட்டடமே இல்லை; அது இந்தத் தன்னார்வலர்களின் வீட்டுத் திண்ணை. 2010 முதல் ஊருக்கு இருவர் வீதம் பயிற்சி பெற்று, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு ஆகிய மூன்றுக்கும் வீட்டிலேயே மருந்து கொடுத்து வருகிறார்கள்.

இந்த ஊரின் இருவரில் ஒருவர் பேரப்பிள்ளைகள் எடுத்த பாட்டி. மற்றவர் இருபதைக் கடந்த இளைஞர். பாட்டியின் மரப்பெட்டியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, மலேரியா மாத்திரையைத் தவிர. அதில் இரண்டே அட்டைகள்தாம் மிச்சம்.

ஏப்ரல் 11, வியாழன்

பாட்டி மூச்சு எண்ணுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இருமலோடு ஒரு கைக்குழந்தையைத் தூக்கிவந்த இளம் தாய், இந்த ஊர் வழக்கப்படி முழந்தாளிட்டு வணக்கம் சொன்னாள். அழுகிற குழந்தையின் மூச்சை எண்ணக்கூடாது. ஆகவே பால் கொடுக்கச் சொல்லிவிட்டு, வேறு வேலையே இல்லாதவர் போலப் பாட்டி மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். குழந்தை கண் சொக்கியதும், சட்டையை மார்புவரை மெல்ல உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதில் பார்வையைப் பதித்து, ஒரு நிமிடம் முழுவதும் உதட்டசைவில் எண்ணினார். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் என்றால் நிமிடத்துக்கு 50, ஒரு வயதுக்கு மேல் 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியா என்று கொண்டு அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி தர வேண்டும். எட்டு மாதக் குழந்தைக்கு 56 வந்தது. விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குகிறதா என்று பார்த்து, இல்லை என்று உறுதி செய்த பிறகே மாத்திரையைத் தண்ணீரில் கரைத்தார். முதல் வேளை மருந்து தம் கண்முன்னே உள்ளே போக வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுப்பதில்லை.

நெஞ்சில் வைக்கும் குழல்கூட இல்லாமல், ஒரு கடிகாரத்தையும் பொறுமையையும் மட்டும் வைத்து நிமோனியாவைப் பிடிக்க முடிகிறது. இந்த முறையை வகுத்தவர்களைவிட, சோளத்தைக் கீழே வைக்காமலே காத்திருக்கத் தெரிந்த பாட்டியின் மீதுதான் எனக்கு வியப்பு அதிகம்.

ஏப்ரல் 16, செவ்வாய்

இளைஞரின் வீட்டில் இன்று வாக்குவாதம். போன வாரம் மலேரியாவுக்கு மூன்று நாள் மாத்திரையை முடித்த குழந்தைக்கு மறுபடியும் காய்ச்சல். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பரிசோதனைப் பட்டையில் விட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால் கோடு விழும் என்பதைத் தாய்மார்கள் எல்லோரும் அறிவார்கள். கோடு விழுந்தால் மாத்திரை உண்டு என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்தப் பட்டை காட்டுவது கிருமியை அன்று, கிருமி விட்டுச்சென்ற புரதத்தை. நோய் குணமான பிறகும் அந்தப் புரதம் இரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கிவிடுகிறது. எனவே இன்று விழுந்த கோட்டை நம்பி மீண்டும் மாத்திரை கொடுக்க முடியாது, குழந்தையைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போக வேண்டும் என்று அவர் சொன்னபோது, மாத்திரை தீர்ந்துபோனதை மறைக்கத்தான் இப்படிப் பேசுகிறார் என்று அந்தத் தாய் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

அவளைக் குறை சொல்வதற்கில்லை. சென்ற மாதம் உண்மையிலேயே மாத்திரை இல்லாமல் பலரை அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். பெட்டி ஒருமுறை காலியானால், அதன்பின் அவர் சொல்லும் சரியான ஆலோசனையும் சாக்குப்போக்காகவே கேட்கும்.

ஏப்ரல் 24, புதன்

வைட்டமின் ஏ சொட்டு மருந்தும் குடற்புழு மாத்திரையும் தரும் மாதம் இது, அடுத்தது அக்டோபரில். மாமரத்தடியில் கூட்டம் கூடியது. ஊட்டச்சத்துக் குறைவை அறியக் குழந்தைகளின் மேற்கைச் சுற்றளவை வண்ண நாடாவால் அளந்தோம்: 125 மில்லிமீட்டருக்கு மேல் பச்சை, அதாவது நலம்; 115 வரை மஞ்சள், குறைவு; அதற்கும் கீழே சிவப்பு, கடும் குறைவு. மஞ்சள் விழுந்த குழந்தைகள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மக்காச்சோளமும் விளைந்த நிலங்கள் கரும்புக்குப் போய்விட்டன என்பதும், கரும்புப் பணம் வருவதற்கு ஒன்றரை ஆண்டு ஆகும் என்பதும் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நாடாவுக்கு இதில் செய்ய ஒன்றுமில்லை.

மே 3, வெள்ளி

நேற்று நள்ளிரவில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்கு வலிப்பு வந்து பாட்டியின் கதவைத் தட்டியிருக்கிறார்கள். வலிப்பு, பால் குடிக்க முடியாமை, எல்லாவற்றையும் வாந்தியெடுத்தல், நினைவு தப்புதல் ஆகியவை தென்பட்டால் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. ஆசனவாய் வழியே ஆர்டிசுனேட் என்ற மலேரியா மாத்திரையை வைத்துவிட்டு உடனே அனுப்ப வேண்டும். மாத்திரை வெளியே வந்துவிடாதபடி பிட்டத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டே, போடா ஓட்டுபவரை எழுப்பப் பேரனை ஓட விட்டிருக்கிறார். வாடகை மோட்டார் சைக்கிளுக்கு இங்கே போடா என்று பெயர். சேற்றுப் பாதையில் இரவுப் பயணத்துக்கு ஓட்டுபவர் கேட்ட தொகை அந்தக் குடும்பத்திடம் இல்லை.

பெண்கள் சேமிப்புக் குழுவில் அவசரத்துக்கென்றே ஒரு நிதி உண்டு. ஆனால் அந்தப் பணப்பெட்டிக்கு மூன்று பூட்டுகள், மூன்று சாவிகள், சாவிகளை வைத்திருப்பவர்கள் மூன்று பெண்கள். ஒருவரும் தனியாகக் கைவைக்க முடியாதபடி செய்த அந்த நல்ல ஏற்பாடு, நள்ளிரவில் மூன்று வீடுகளைத் தட்ட வேண்டிய சங்கடமாகிவிட்டது. மூன்றாவது பெண் தாய்வீட்டுக்குப் போயிருந்தாராம். கடைசியில் பாட்டி தம் பொறுப்பில் கடன் சொல்லி வண்டியை அனுப்பினார். குழந்தை இன்று மாலை கண்விழித்துக் கஞ்சி குடித்தது என்று தகவல் வந்தது.

குழுவினர் மாலையில் கூடி, ஒரு பயணத்துக்கான பணத்தைப் பூட்டுக்கு வெளியே போடா ஓட்டுபவரிடமே முன்கூட்டிக் கொடுத்துவைப்பது என்று முடிவு செய்தார்கள். அவர் குடித்துவிடுவார் என்று ஒருவர் ஆட்சேபித்தார். ஓட்டுபவரின் மனைவியிடம் கொடுப்பது என்று தீர்மானம் திருத்தப்பட்டது.

மே 14, செவ்வாய்

மலேரியா மாத்திரை வந்தது, கேட்டதில் பாதிதான். இளைஞர் விலகுகிறார். கரும்பு வெட்டப் போனால் அன்றைய கூலி அன்றே கையில் கிடைக்கிறது. இங்கே கிடைத்தவை ஒரு சைக்கிள், ஒரு சட்டை, கூட்டங்களுக்கு வந்துபோகும் செலவு. சமூகச் சுகாதாரப் பணியாளர்களுக்கு வேலைக்குத் தகுந்த ஊதியம் தர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே பரிந்துரைக்கிறது. அதை நான் எடுத்துச் சொன்னபோது அவர் சிரித்தார். அண்மையில் திருமணமானவர், மனைவி கருவுற்றிருக்கிறார். சேவை மனப்பான்மை குறைந்துவிட்டது என்று கூட்டத்தில் பெரியவர் ஒருவர் முணுமுணுத்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. இரவில் கதவைத் தட்டினால் எழுந்து வந்தவரை, அதுவும் இத்தனை காலம் ஒரு ஷில்லிங் சம்பளம் வாங்காமல் வந்தவரை, அப்படிச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஊர்த் தலைவர் கூட்டிய கூட்டத்தில் புதியவராகச் சேமிப்புக் குழுவின் சாவிக்காரப் பெண்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சி அடுத்த வாரம் தொடங்குகிறது. அதுவரை இளைஞரின் பெட்டியையும் பதிவேட்டையும் பாட்டி வைத்துக்கொள்வார். மாத்திரைகளை இருவரும் என் முன்னால் எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார்கள்.