காது மிஷின் சரி, மோல்டு சரியா?

எனக்குத் தெரிந்து பாலக்கோடு பக்கம் காது மிஷின் வாங்கியவர்களில் பலர் அதை பீரோவுக்குள் வைத்துவிட்டார்கள். கேட்டால் "நமக்கு செட் ஆகலைங்க" என்பார்கள். என்ன செட் ஆகவில்லை என்று தோண்டிக் கேட்டால், விசில் அடிக்கிறது, காது வலிக்கிறது, தன் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கிறது, கொஞ்ச நாளில் சத்தமே குறைந்துபோனது என்று வரிசையாக வரும். இதில் முக்கால்வாசி மிஷினின் குற்றமே இல்லை. காதுக்குள் போகிற அச்சும், அதையும் மிஷினையும் இணைக்கிற சின்ன பிளாஸ்டிக் டியூபும்தான் காரணம். அச்சை நாங்கள் மோல்டு என்றுதான் சொல்கிறோம். நான் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். இரண்டு காதிலும், காதுக்குப் பின்னால் மாட்டுகிற வகை மிஷின். அதோடு பழகிய கதையை இங்கே எழுதுகிறேன்.

கொரோனா சமயத்தில் எல்லாரும் முகக்கவசம் போட்டபோதுதான் என் காதின் லட்சணம் வெளியே தெரிந்தது. அதுவரை ஏலத்தில் வியாபாரிகளின் உதட்டைப் பார்த்தே பாதி விலையை எழுதியிருக்கிறேன் போல. வாயை மூடியதும் இருபதும் அறுபதும் ஒன்றாகிவிட்டன. சத்தம் கேட்கிறது, வார்த்தை பிரியவில்லை. தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்களும் வாங்க வருகிற மண்டி இது. வீட்டில் டிவி சத்தத்துக்காக ஏற்கெனவே சண்டை நடந்துகொண்டிருந்தது. "ஏங்க, தெருமுனை வரைக்கும் செய்தி கேட்குது" என்பாள் மனைவி. மகள்தான் ஒரு நாள், "அப்பா, மிஷின் கடைக்கு அப்புறம் போகலாம், முதலில் டாக்டரைப் பாருங்கள்" என்று தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். அந்த வரிசைதான் சரி. காதில் குறும்பி அடைத்திருந்தாலோ செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ அதற்கு வைத்தியம் வேறு. ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் மிஷின் பேச்சே எடுக்கக் கூடாது. அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓட வேண்டும். நாள் கடந்தால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

குறும்பி எடுத்து, இசைக்கவையைத் தட்டி நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வைத்துப் பார்த்துவிட்டு ஆடியோகிராம் எடுக்க அனுப்பினார்கள். சத்தம் புகாத சின்ன அறை. ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுத்து, எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்டாலும் அழுத்தச் சொன்னார்கள். முடிவில் ஒரு வரைபடம். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி. இடப்பக்கம் கனத்த ஒலி, வலப்பக்கம் போகப்போகக் கீச்சொலி. கோடு கீழே இறங்க இறங்கக் கேட்பது குறைவு. என் கோடு இடப்பக்கம் கொஞ்சம் மேலே தொடங்கி, 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் மலைச்சரிவுபோல இறங்கியது. கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் அம்மா நன்றாக விளக்கினார். கனத்த ஒலிகள் எனக்குக் கேட்கின்றன. ச, த, ப, க போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற கீச்சொலிகள் எல்லாம் அந்தச் சரிவுக்குள் விழுந்துவிட்டன. அதனால்தான் 'காசு' என்றால் 'காது' என்று கேட்கிறது. எதிரில் இருப்பவர் கத்தினாலும் பயனில்லை. கத்தும்போது பெரிதாவது ஏற்கெனவே கேட்கிற பகுதிதான்.

இழப்பு சராசரி இரண்டு காதிலும் 50 டெசிபெல்லைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சு அலைவரிசைகளில் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபெல் இழப்பு இருந்தால் 'கேட்கும் திறன் குறைந்தவர்', 70 என்றால் காது கேளாதவர். நான் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு இழப்பு அதிகம். மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் வாங்கி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுத்து, காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷினை இலவசமாகவே வாங்கினார்கள். கடைக்குப் போகுமுன் இதை விசாரித்துவிடுவது நல்லது.

நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். விலை சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டிப் போகிறது. காது மிஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லைப் பாருங்கள். சந்தையிலும் ஆன்லைனிலும் சில நூறுக்குக் கிடைப்பது வெறும் ஒலிபெருக்கி. உங்கள் வரைபடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கேட்கிற சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்கி, இருக்கிற காதையும் கெடுத்துவிடும். ஒரு காதுக்குப் போதாதா என்று நானும் பேரம் பேசிப் பார்த்தேன். எந்தப் பக்கமிருந்து சத்தம் வருகிறது என்று மூளை கண்டுபிடிப்பது இரண்டு காதையும் ஒப்பிட்டுத்தான் என்றார்கள். மண்டியில் நாலு பக்கமும் விலை கத்துகிற இடத்தில் எனக்கு அதுதானே வேண்டும்? இரண்டாக வாங்கினேன்.

இனி மோல்டு. முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, நூல் கட்டிய ஒரு பஞ்சுருண்டையை உள்ளே தள்ளுகிறார்கள். அச்சு எடுக்கிற பசை செவிப்பறை வரை போய்விடாமல் இருக்க அது. அப்புறம் அந்தப் பசைக்கான இரண்டு மாவைப் பிசைந்து, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் அடைத்துக் காதுக்குள் அழுத்துகிறார்கள். சில்லென்று இருக்கும், அந்தப் பக்கத்து உலகம் அப்படியே அடங்கிவிடும். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அச்சு எடுத்தவரோ "வாயைத் திறந்து மூடுங்க ஐயா, ஏதாவது மெல்லுங்க" என்றார். தாடை அசையும்போது காதுக் குழாயின் வடிவமும் மாறுகிறது. வாயை மூடிக்கொண்டே அச்சு எடுத்தால் சோறு சாப்பிடும்போதெல்லாம் மிஷின் விசில் அடிக்கும். சில நிமிடத்தில் இறுகியதும் மெதுவாகச் சுழற்றி எடுத்தார். காதின் மடிப்பெல்லாம் அப்படியே அதில் பதிந்திருந்தது. அதை அனுப்பி, அதன்படி மோல்டு செய்து வர ஒரு வாரத்துக்கு மேலானது.

எனக்கு வந்த இடது மோல்டு லூசு. தலையைத் திருப்பினால் 'கீ' என்று கத்தியது. விற்ற இடத்தில் கம்ப்யூட்டரில் சத்தத்தைக் குறைத்து, "இப்போ வராது பாருங்க சார்" என்றார்கள். வரவில்லைதான். பேச்சும் வரவில்லை! பெரிதாக்கிய சத்தம் மோல்டின் இடுக்கு வழியாக வெளியே கசிந்து, மிஷினின் மைக்குக்கே திரும்பப் போய் மறுபடி பெரிதாவதுதான் விசில். சத்தத்தைக் குறைத்தால் விசில் நிற்கும், ஆனால் கொடுத்த காசு எதற்கு? மறுபடி அச்சு எடுக்கச் சொல்லி நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்கள். புது மோல்டு வந்ததும் குறைத்த சத்தத்தைப் பழையபடி வைத்தார்கள், விசில் இல்லை. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மிஷினைக் கழற்றி, மோல்டின் ஓட்டைகளை விரலால் இறுக மூடுங்கள். விசில் நின்றால் டியூபில் கோளாறு இல்லை, மோல்டு காதில் சரியாக உட்காரவில்லை அல்லது காதில் குறும்பி சேர்ந்திருக்கிறது. மூடியும் கத்தினால் டியூபோ, டியூப் மாட்டுகிற மிஷினின் வளைந்த கொக்கியோ விரிந்திருக்கும், இல்லையென்றால் மிஷினுக்குள்ளேயே கோளாறு.

தன் குரல் கனமாகக் கேட்பதும் மோல்டு சம்பந்தப்பட்டதுதான். காது அடைபட்டால் நம் குரல் எலும்பு வழியாக வந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. மோல்டில் மெல்லிய காற்றுத் துளை ஒன்று போட்டால் குறையும். துளை பெரிதானால் விசிலும் சேர்ந்து வரும், அதனால் அளவு பார்த்துத்தான் போட வேண்டும். எனக்குக் கனத்த ஒலிகள் ஓரளவு கேட்பதால் கொஞ்சம் பெரிய துளையே ஒத்துக்கொண்டது.

முதல் சில நாள் வீட்டுக்குள் மட்டும், அதுவும் கொஞ்ச நேரம்தான் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மின்விசிறி இவ்வளவு சத்தம் போடும் என்று யாருக்குத் தெரியும்? பிளாஸ்டிக் பையைக் கசக்கினால் எரிச்சல் வந்தது. களி கிண்டும்போது துடுப்பு பானையில் இடிக்கிற சத்தம் கூடத்துக்கு வந்து என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மூளை பல வருடமாகக் கேட்காத சத்தங்கள் இவை. எதை ஒதுக்குவது, எதைக் கவனிப்பது என்று அது மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் நிறைய பேர் கழற்றி வைக்கிறார்கள். எனக்கும் ஆரம்பத்தில் சத்தத்தைக் குறைவாக வைத்து, போகப்போகத்தான் கூட்டினார்கள். ஒருவரோடு பேசிப் பழகி, அப்புறம் நாலு பேர், அப்புறம் கடைத்தெரு, கடைசியாகத்தான் மண்டி.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை, ஆனால் தினமும் செய்ய வேண்டும். மிஷினுக்கு எதிரி ஈரம். சித்திரை வெயிலில் வியர்வை காதுக்குப் பின்னால் வழிந்துகொண்டே இருக்கும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்துவிட்டு, உலர்த்தும் டப்பாவில் வைக்கிறேன். என் டப்பாவில் இருக்கிற சிலிக்கா ஜெல் மணிகள் நீலமாக இருக்கும்வரை ஈரத்தை இழுக்கும். இளஞ்சிவப்பானால் வேலை முடிந்தது. சூடாக்கினால் திரும்ப நீலமாகும்தான், ஆனால் சமையல் பாத்திரத்தில் அந்த வேலை வேண்டாம் என்று நான் புதிதாகவே வாங்கிவிடுகிறேன்.

மோல்டை மட்டும்தான் தண்ணீரில் கழுவலாம். ஒரு கையில் கொக்கியையும் மறுகையில் டியூபையும் பிடித்து மெதுவாகத் திருகி இழுத்தால் கழன்று வரும். மோல்டைப் பிடித்து இழுத்தால் டியூப் பிய்ந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். ஸ்பிரிட்டும் சானிடைசரும் கூடாது. டியூபுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலே சத்தம் அடைபடும். அதற்கென்று கிடைக்கிற சின்ன ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடித்து வெளியேற்றிவிட்டு, இரவு முழுக்கக் காயவிட்டுக் காலையில் மாட்டுகிறேன். மாட்டும்போது சிவப்புக் குறி வலது, நீலக் குறி இடது. மிஷினை உலர்ந்த துணியால் துடைத்தால் சரி. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், முடிவெட்டு, தலைச்சாயம், முகப் பவுடர், இதற்கெல்லாம் மிஷின் டப்பாவுக்குள் போய்விடும். மைக் ஓட்டையில் பவுடர் அடைத்தால் வீட்டில் எடுக்க முடியாது.

பேட்டரி துத்தநாகம், காற்றில் இயங்குவது. என்னுடையது 13 எண், ஆரஞ்சு ஸ்டிக்கர். ஸ்டிக்கரைக் கிழித்ததுமே காற்று உள்ளே போய் வேலை ஆரம்பித்துவிடும். திரும்ப ஒட்டினாலும் நிற்காது. கிழித்தபின் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் கொஞ்சம் கூடுதலாக உழைக்கிறது. சட்டைப் பையில் சில்லறையோடு போடாதீர்கள். குழந்தை இருக்கிற வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இங்கே எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை, தருமபுரி போகிறவர்களிடம் சொல்லி வாங்கிவைத்துக்கொள்கிறேன். ரொம்ப முன்னதாக வாங்கிக் குவிக்கவும் கூடாது, காலாவதித் தேதி உண்டு.

போன் பேசும்போது காது ஓட்டையில் வைத்தால் ஒன்றும் கேட்காது. மைக் இருப்பது காதுக்கு மேலே. போனின் ஒலிபெருக்கி அந்த இடத்துக்கு வர வேண்டும், கொஞ்சம் சாய்த்து. கண்ணாடி போடுகிறவர்கள் மிஷினை முதலில் மாட்டிவிட்டு அப்புறம் கண்ணாடி போடுங்கள். முகக்கவசத்தின் ரப்பர்தான் வில்லன். அவசரத்தில் கழற்றினால் மிஷினையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடும். என்னுடையது ஒருமுறை தக்காளிப் பெட்டிக்குள் போய் விழுந்தது. மண்டியில் வேலை செய்கிற பையன் "அண்ணா, தக்காளி விசில் அடிக்குது" என்று எடுத்துக் கொடுத்தான்.

மண்டி இன்றைக்கும் கஷ்டம்தான், அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. எதிரில் இருப்பவரின் பேச்சை முன்னிறுத்தி, பின்னால் வருவதை அடக்குகிற ஓர் அமைப்பு என் மிஷினில் உண்டு. பட்டனை அழுத்தி அதற்கு மாற்றிக்கொண்டு, சுவரை முதுகுப் பக்கம் வைத்து உட்காருகிறேன். வரத்து அதிகமான நாளில், பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது, எந்த மிஷினும் வார்த்தையைப் பிரித்துக் கொடுக்காது. விலையை நான் திரும்பச் சொல்கிறேன், அவர்கள் தலையாட்டினால் எழுதுகிறேன். முதலாளியும் ஏற்றுக்கொண்டார்.

போன மாதம் எங்கள் பங்காளி ஒருவர் பீரோவில் கிடந்த தன் மிஷினைக் கொண்டுவந்து, "இது செத்துப்போச்சு, உன் கடைக்காரரிடம் மாற்றித் தருவாரா கேளு" என்றார். டியூப் மஞ்சளித்து, குச்சிபோல விறைத்து, வளைவில் கீறல் விட்டிருந்தது. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சாமான். அவர் வாங்கிய நாளிலிருந்து மாற்றியதே இல்லை. தருமபுரிக்கு அழைத்துப்போய் டியூபை மாற்றிப் புது பேட்டரி போட்டதும் வேலை செய்தது. ஆனால் இரண்டு வருடத்தில் ஆள் இளைத்துவிட்டார், மோல்டு காதில் ஆடுகிறது. புதிதாக அச்சு எடுத்துக் கொடுத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை.