சிறைக்குள் இருப்பவருக்கு டிடி-214 வாங்குவதற்குள்

அமெரிக்காவில் நான் தன்னார்வலராகப் போய்வரும் சிறையில் ஈராக் போரில் இருந்த ஒருவருக்கு விடுதலை நெருங்கியது. வெளியே வந்ததும் தங்குமிடம், மருத்துவம், வேலை என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது டிடி-214, அதாவது படையிலிருந்து விடுவித்த சான்று. அது இல்லாவிட்டால் பழைய கூட்டாளியின் வீடுதான் கதி. அப்புறம் மறுபடியும் உள்ளே.

ஆன்லைனில் கேட்கலாம் என்றார்கள். அதற்கு அவரே ஐடி.மீ என்ற இணையச் சேவை மூலம் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும். சிறைக்குள் செல்போனுக்கு எங்கே போவது? சரி, படைப்பணி ஆவணங்களைக் கேட்கும் எஸ்எஃப்-180 படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டு, அந்த ஆவணங்கள் இருக்கும் செயின்ட் லூயிஸ் காப்பகத்துக்குத் தபாலில் போனது.

வந்த நகலில் எந்த விதமான விடுவிப்பு என்ற வரியே இல்லை! முழு நகல் வேண்டுமா, சில விவரங்கள் நீக்கியது வேண்டுமா என்று படிவத்தில் கேட்பார்கள். நிரப்பிக் கொடுத்த சிறை எழுத்தர் இரண்டாவதில் டிக் போட்டிருக்கிறார். கேட்டால், "இரண்டும் ஒன்றுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கௌரவமாக விடுவிக்கப்பட்டாரா என்பதைத்தானே எல்லாரும் பார்க்கிறார்கள்! மறுபடியும் படிவம், மறுபடியும் காத்திருப்பு. இந்த முறை பதிலை அவருடைய அக்கா விலாசத்துக்கு வரவழைத்தோம். அந்தச் சிறையில் தபாலின் அசலைக் கையில் தருவதில்லை, ஸ்கேன் செய்த தாள்தான். இன்னொன்று, படிவத்தில் போட்ட கையெழுத்தின் தேதி ஓராண்டுக்குள் இருக்க வேண்டும்.

முன்னாள் படைவீரர் துறை தரும் உதவித்தொகை விஷயத்தில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பெருங்குற்றத்துக்காகச் சிறையில் 60 நாள் தாண்டினால், படைப்பணியால் வந்த ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ என்று மதிப்பிடப்பட்டு ஊனத்தொகை வாங்குபவருக்கு 10 சதவீத ஊனத்துக்கான தொகைதான். துறைக்குச் சொல்லாமல் முழுத்தொகையை வாங்கிக்கொண்டிருந்தால் பின்னால் கடன் என்று பிடிப்பார்கள். குறைத்த பணத்தில் மனைவி, பிள்ளைகளுக்குப் பங்கு கேட்கலாம். இதைப் பலருக்கு யாரும் சொல்வதே இல்லை. விடுதலையை ஓராண்டுக்குள் தெரிவித்தால் பழைய தொகை விடுதலை நாளிலிருந்தே கணக்காகும். தாமதித்தால் தெரிவித்த நாளிலிருந்துதான்.

சிறையிலிருந்து வெளியேறும் வீரர்களுக்கென்றே அத்துறையில் சமூகப் பணியாளர்கள் உண்டு. விடுதலைக்கு முன்பே சிறைக்கு வந்து பார்ப்பார்கள். சிறை ஆலோசகரிடம் விடாமல் கேட்டால்தான் நடக்கும். எங்களுக்கு வந்தவர் மருத்துவமனைச் சந்திப்புத் தேதியைக் கையோடு கொண்டுவந்தார். முழு நகலும் விடுதலைக்கு முன்பே அக்காவிடம் வந்து சேர்ந்தது.