வண்டி ஓட்ட முடியாத வயதுக்கு ஒரு ஊர்: கொங்கில் நாங்கள் தேடிய முறை

பணி ஓய்வு 60 வயதில் வருகிறது. அந்த வயதில் பைக்கும் ஓட்டலாம், காரும் ஓட்டலாம். பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டம்கூடப் பக்கமாகத்தான் தெரியும். ஆனால் ஊரைப் பார்க்க வேண்டியது 75 வயதை மனதில் வைத்து. இருவரில் ஒருவருக்குக் கண்ணில் புரை, இன்னொருவருக்கு முழங்கால் வலி, வண்டி ஷெட்டில் நிற்கிறது. அன்றைக்கு மருந்தும் காய்கறியும் பென்ஷன் பணமும் எப்படி வீடு வந்து சேரும்? இந்தக் கேள்வியை வைத்துத்தான் பொள்ளாச்சியிலிருந்து அந்தியூர் வரை எழுதி வைத்த பட்டியலை ஒவ்வொன்றாகக் கழித்தோம்.

முதலில் கிராமங்களைக் கழித்தோம். மனம் இழுத்தது அங்கேதான், இருந்தாலும் கழித்தோம். தாலுகா தலைமையிடமாக இருக்கும் ஊர் என்றால் அரசு மருத்துவமனை, சார் கருவூலம், பத்திரப் பதிவு, தாசில்தார் அலுவலகம், நாலைந்து வங்கி, பேருந்து நிலையம் எல்லாம் ஒரே ஊருக்குள் கிடைத்துவிடும். அந்தக் கணக்கில் பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், காங்கேயம், பெருந்துறை, கோபி, சத்தி, மேட்டுப்பாளையம் நின்றன. தோட்டத்துச் சாலையில் தனியாகக் குடியிருப்பதை எவ்வளவு ஆசை இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். 2024-இல் பல்லடம் பக்கமும் 2025-இல் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீட்டில் இருந்த வயதானவர்களுக்கு நேர்ந்த கொலைக் கொடுமையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நாலு வீடு இருக்க வேண்டும்.

அடுத்து ரயில். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தால் இது பெரிய விஷயம். பொள்ளாச்சி, உடுமலை இரண்டும் திண்டுக்கல்–போத்தனூர் பாதையில் இருக்கின்றன. பாலக்காடு–சென்னை ரயில் அந்த வழியே பழனிக்குப் போகிறது. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் கிளம்புகிறது. கோபி, சத்தி, தாராபுரம், காங்கேயம் நான்குக்கும் ரயில் கிடையாது. அங்கிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஈரோட்டுக்கோ திருப்பூருக்கோ போய்த்தான் ஏற வேண்டும். இதை ஒரு தடவை ராத்திரியில் செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தண்ணீருக்கு வருவோம். கொங்கில் ஊர் தேடுவதில் பாதி வேலை இதுதான்.

குடிநீர்க் குழாயில் வருவது எந்த ஆற்றுத் தண்ணீர் என்று கேளுங்கள். பொள்ளாச்சிக்கு அம்பராம்பாளையத்தில் ஆழியாறு, உடுமலைக்குத் திருமூர்த்தி அணை, தாராபுரத்துக்கு அமராவதி, கோபிக்கும் சத்திக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் பவானி. ஆறு எது என்று தெரிந்தால் மட்டும் போதாது. “எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி விடறாங்க? சித்திரையில எத்தன நாளு?” என்ற இரண்டு கேள்வியையும் வீட்டுக்காரரிடம் கேட்காமல், அதே வீதியில் தண்ணீர் பிடிக்கும் பெண்களிடம் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் ஐப்பசி மாதக் கணக்கைத்தான் சொல்வார். ஊர் நடுவில் மூன்று நாளைக்கு ஒருமுறை வருவது, புதிதாகச் சேர்ந்த கடைசி நகரில் பத்து நாளைக்கு ஒருமுறை என்று இருக்கும். குழாயின் வால் பகுதியில் அழுத்தம் இருக்காது என்பதுதான் காரணம்.

தொட்டிக் கணக்கு இப்படி. இரண்டு பேருக்கு எல்லாப் புழக்கத்துக்கும் சேர்த்து நாளொன்றுக்கு சுமார் 270 லிட்டர். பத்து நாள் இடைவெளி என்றால் 2,700 லிட்டர். விருந்தாளி, பேரப்பிள்ளை என்று வந்தால் 5,000 லிட்டர் தரைத்தொட்டி இருந்தால்தான் நிம்மதி. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நல்ல தண்ணீர் என்றால் ஒரு நாளைக்கு 20 லிட்டர் போதும். பத்து நாளைக்கு 200 லிட்டர் தனியாகப் பிடித்து வைக்கலாம். மீதிப் புழக்கத்துக்குச் சப்பைத் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீர். போரை நம்பும் வீடு என்றால் எத்தனை அடி, எந்த வருடம் போட்டது, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆயிரம் அடிப் போர் என்பது இந்தப் பக்கத்தில் அதிசயமே இல்லை.

போர் தண்ணீரைப் பரிசோதிக்க முதல் கட்டமாகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கருவி போதும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, டம்ளரை மூன்று முறை அதே தண்ணீரில் அலசிவிட்டு அளக்க வேண்டும். இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை. மீட்டர் உப்பை மட்டும்தான் சொல்லும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் அதில் தெரியாது. ஃபுளோரைடு 1.5-க்கு மேல் போனால் வருடக்கணக்கில் குடிப்பவர்களுக்குப் பல்லும் எலும்பும் கெடும். நைட்ரேட்டுக்கு 45 எல்லை. உரம் போட்ட வயலும் செப்டிக் டேங்கும் பக்கத்தில் இருந்தால் அது ஏறும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்தால் அறிக்கை தருவார்கள். கிருமிப் பரிசோதனைக்குச் சுத்தம் செய்த பாட்டிலை அங்கேயே கேட்டு வாங்குங்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் அந்த முடிவை நம்ப முடியாது.

எந்த மாதத்தில் பரிசோதிப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கீழ்பவானி வாய்க்கால் ஓரத்துக் கிணறுகளுக்கு வாய்க்கால் கசிவுதான் உயிர். வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறந்தால் நாலு மாதம் கிணறு மேலேயே நிற்கும். பார்த்தவுடன் மயங்கிவிடுவோம். வாய்க்கால் அடைத்திருக்கும் மே, ஜூன் மாதத்தில் போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பிஏபி எனும் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனப் பகுதியில், அதாவது பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்தில், நாலு மண்டலமாகப் பிரித்துத் தண்ணீர் விடுகிறார்கள். ஒரு மண்டலத்துக்கு முறை வர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். “இந்த வருசம் எந்த மண்டலத்துக்குத் தண்ணி?” என்று டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். முறை வந்த வருடத்தில் கிணற்றைப் பார்த்து வீடு வாங்கியவர் மறு வருடம் டேங்கர் லாரிக்குக் காத்திருப்பார்.

நொய்யல் ஓரம் மலிவாக மனை கிடைக்கிறது என்பார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணை வரை போய்த் தேங்கி, 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன வரலாறு அந்த மண்ணுக்கு உண்டு. ஆறு கீழே இறங்கும் திசையில் கிணறு இருந்தால் ஆய்வக அறிக்கை கையில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமும் இதே எச்சரிக்கை.

அடுத்து காற்றும் வாடையும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியில் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை காற்று வீசும். பொள்ளாச்சிக்கு அதோடு சாரலும் வரும். கிழக்கே தாராபுரம், காங்கேயம் போகப் போக வெறும் காற்றும் புழுதியும்தான். உடுமலை, பல்லடம், தாராபுரம் சுற்றிலும் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். விசிறி பக்கத்தில் இருந்தால் ஆடியில் ராத்திரி முழுக்க ஒரே சுழல் சத்தம் கேட்கும். பகலில் போய்ப் பார்க்கிறவர்களுக்குப் போக்குவரத்து இரைச்சலில் அது தெரியாது. வெயிலைப் பொறுத்தவரை கிழக்கே போகப் போகக் கடுமை. கோடையில் வானிலை அறிவிப்பில் கரூர் பரமத்தி அடிக்கடி முன்வரிசையில் வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தொழில் உண்டு, தொழிலுக்கு ஒரு வாடை உண்டு. பல்லடம், நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணை: மழைக்குப் பின் ஈ மொய்க்கும். காங்கேயம், வெள்ளகோவிலில் தேங்காய்க் களம்: பருப்புக்குக் கந்தகப் புகை போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஆஸ்துமாக்காரர் இருக்கவே முடியாது. பொள்ளாச்சி, உடுமலையில் நார் மில் தூசி. பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூரில் தறிச் சத்தம். கோபியில் நெல் வயலும் வாய்க்காலும் கண்ணுக்குக் குளிர்ச்சி. அந்தி சாய்ந்தால் கொசு. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, ஊர் பிழைப்பது இதில்தான். நாம் பிடிக்கும் வீடு அதிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதே கேள்வி. காற்று மேற்கிலிருந்து வருவதால் களத்துக்கும் பண்ணைக்கும் மேற்கே உள்ள வீடு தப்பிக்கும். கிழக்கே உள்ளது மாட்டிக்கொள்ளும்.

மருத்துவமனையைக் கட்டடத்தைப் பார்த்து எடை போட வேண்டாம். மூன்று கேள்வி கேட்டால் போதும். ராத்திரி இரண்டு மணிக்குப் பணியில் மருத்துவர் இருக்கிறாரா? சிடி ஸ்கேன் அந்த நேரத்தில் எடுப்பார்களா? டயாலிசிஸ் உண்டா? பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசி அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஆகவே கிலோமீட்டரை விட்டுவிட்டு நிமிடத்தை எண்ணுங்கள். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு சுமார் 40 கி.மீ., உடுமலையிலிருந்து சுமார் 70. கோபிக்காரர்களுக்கு ஈரோடும், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. அந்தப் பாதையில் ஒரு முறை நள்ளிரவிலும் ஒரு முறை காலை ஒன்பது மணிக்கும் ஓட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே அரை மணி நேரம்கூட வித்தியாசம் வரலாம். உங்கள் ஓய்வூதியர் காப்பீடு எந்த மருத்துவமனையில் செல்லும் என்ற பட்டியலையும் அந்த மாவட்டத்துக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமான வரம்பில்லாத ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீட்டு அட்டையை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. அது அந்த மாவட்டத்தில் செல்லுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊர் முடிவான பிறகுதான் வீடு. பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள், உழவர் சந்தைக்கு நடந்து போகும் தூரத்தில், தரைத்தளம். டவுன் பஸ் நிற்கும் இடம் 300 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பது மாதச் செலவில் நன்றாகவே தெரியும். குளியலறைக் கதவை டேப் வைத்து அளந்து பாருங்கள். இங்கே பெரும்பாலான வீடுகளில் இரண்டரை அடிதான் வைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலி நுழையத் தடையில்லாமல் 32 அங்குலம் வேண்டும். வாசல் படியைச் சரிவாக மாற்ற ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் தேவை. இரண்டடி உயரத்தில் கட்டிய வீட்டுக்கு 24 அடி இடம் எங்கே இருக்கிறது?

வாடகைக்குக் கேட்கும்போது “நீங்க எந்தப் பக்கம்?” என்ற கேள்வி வரும். ஊரைக் கேட்பதுபோல் இருந்தாலும் பல இடங்களில் கேட்பது சாதியை. அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடும் வீதியில் கடைசிக் காலத்தைக் கழிக்க வேண்டாம் என்று நாங்கள் கிளம்பிவிட்டோம். அக்கம்பக்கம் பேசாத ஊரில் எத்தனை ஆறு ஓடினாலும் பயனில்லை.

வாங்குவதாக இருந்தால் 30 வருட வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், பட்டா, புலப்பட வரைபடம் நான்கும் ஒத்துப்போக வேண்டும். பட்டாவில் உள்ள பரப்பும் பத்திரத்தில் உள்ள பரப்பும் வேறாக இருந்தால் உட்பிரிவு முடித்துத் தரச் சொல்லுங்கள். மனை என்றால் டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண் வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய அங்கீகாரமில்லாத மனை என்றால் வரன்முறை செய்த ஆணை. கொங்கில் கோவில் இனாம் நிலங்கள், அதாவது கோவிலுக்குக் கொடையாக விட்ட நிலங்கள் நிறைய. கைமாறிக் கைமாறி வந்திருக்கும், திடீரென்று ஒருநாள் பதிவு நின்றுவிடும். அந்தப் புல எண்ணைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு அறிந்த பிறகே பேச்சு. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9. ஐம்பது லட்சத்துக்கு நாலரை லட்சம் இதற்கே போகும். ஓய்வுப் பணத்தில் இதை மறந்தே பலர் பட்ஜெட் போடுகிறார்கள்.

அதனால்தான் வாங்குவதை ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்கிறேன். பழைய வீட்டை விற்காமல் பூட்டியோ வாடகைக்கு விட்டோ வைத்துவிட்டு, புது ஊரில் 11 மாத ஒப்பந்தம் போடுங்கள். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று வாடகைச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதிகம் கேட்கும் வழக்கம்தான் இருக்கிறது, பேசிக் குறைக்கலாம். அந்த ஒப்பந்தத்தை ஜூன் 1-ஆம் தேதி தொடங்குங்கள். முதல் மாதத்திலேயே காற்று தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வீதியில் தண்ணீர் தேங்குகிறதா என்று தெரியும். மார்ச், ஏப்ரலில் குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று நீங்களே நாட்காட்டியில் குறித்திருப்பீர்கள். ஏப்ரல் 30-இல் ஒப்பந்தம் முடியும். விடுபடுவது மே மாதம் மட்டும். அதை வீட்டுக்காரரிடம் சொல்லி ஒரு மாதம் நீட்டிக்கொள்ளலாம்.